மாதத்துக்கு ஒரே ஒரு தீர்மானம்

என் மனைவிக்கு ஆசிரியர் பயிற்சியில் இடம் கிடைத்த அன்று வீட்டில் சந்தோஷமும் பயமும் ஒன்றாகவே வந்து இறங்கின. இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த அந்த வருஷங்களில் எங்கள் பக்கத்துப் பெண்கள் நிறையப் பேர் ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போட்டார்கள். அவளும் போட்டு வைத்திருந்தாள். பிளஸ் டூ முடித்ததும் கல்யாணம் ஆகிவிட்டதால் கிடைக்கும் என்று நாங்கள் நினைக்கவில்லை. கிடைத்துவிட்டது. அதுவும் விருதுநகர்ப் பக்கம் அரசு நடத்துகிற இடத்தில்.

நான் அப்போது சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கட்டிங் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். தீப்பெட்டி லேபிள், வெடிக்கட்டுக்கு ஒட்டுகிற படம், சீசன் வந்தால் காலண்டர் என்று அச்சாகி வருகிற தாள்களை அளவு பார்த்து வெட்டித் தருவது என் வேலை. அவள் தாயில்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு கூலியில் ஓடிய வீடு. மகள் இரண்டாம் வகுப்பு படித்தாள்.

படிப்புக்குக் கட்ட வேண்டியது பெரிதாக இல்லை. ஆனால் இரண்டு வருஷம் அவள் கூலி நின்றுபோகும். விடிந்ததும் முதல் பஸ்ஸில் ஏறினால் பொழுது சாயும்போதுதான் வருவாள். பக்கத்து வீட்டு அக்கா, அவளோடு ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவர், வாசலில் நின்று சொன்னார்: “தம்பி, படிக்கட்டும், வேண்டாங்கல. ஆனா ஒத்தக் கூலியில ரெண்டு வருசம் எப்பிடித் தள்ளுவீக? நல்லா யோசிச்சிக்கோங்க.”

யோசித்தோம். சேர்வது என்று முடிவு செய்த பிறகுதான் யோசித்தோம்.

அந்த ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்து மூன்று பேரும் அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தோம். நான் வீராப்பாகப் பேசிக்கொண்டிருந்தேன். இனி காப்பி இல்லை, கறி இல்லை, புதுத் துணி இல்லை, எண்ணெய் பாதிக்குப் பாதி. அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சிரித்தாள்.

“இம்புட்டையும் ஒரே நாள்ல விட்டா ஒரு வாரம் தாங்குமா? எட்டாம் நாளு ரெண்டு பேரும் பரோட்டாக் கடையில நிப்போம்.”

“அப்ப என்ன செய்யணுங்குற?”

“மாசத்துக்கு ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு. மொத ஞாயித்துக்கெழமை முடிவெடுக்கணும், அந்த மாசம் பூராம் அத மட்டும் விடாம செய்யணும். மாசம் முடிஞ்சா அது பளகிப்போயிரும். அப்பறம் அடுத்தது.”

“யார் முடிவெடுக்கது?”

“ஆளுக்கு ஒரு மாசம்.”

“நானுமா?” என்று மகள் எழுந்து நின்றாள்.

“நீயுந்தான். ஒருத்தர் சொன்னத மத்தவுக மறுக்கக் கூடாது.”

அந்தக் கடைசிச் சட்டத்தைப் பிறகு நான் பல தடவை நொந்திருக்கிறேன்.

முதல் மாதம் அவளுடையது. கடையில் வாங்கித் தின்பது கிடையாது என்று சொன்னாள். கேட்க லேசாக இருந்தது. ஆனால் அச்சகத்தில் நான் பதினொரு மணிக்கு டீயும் வடையும், மத்தியானம் கடைச் சாப்பாடு, வேலை முடிந்தால் சில நாள் எண்ணெய்ப் பரோட்டா என்று பழகியவன். சம்பளத்தில் எவ்வளவு அந்த வழியில் போனது என்று அதுவரை பார்த்ததே இல்லை. இனி சோறு கட்டிக்கொண்டு போக வேண்டும். அவள் விடிவதற்குள் கிளம்பிவிடுவாள். அப்படியானால் சோறு யார் ஆக்குவது?

நான்தான்.

அவள் கண்ணாடி முன் நின்று தலை பின்னிக்கொண்டே சொல்வாள், நான் அடுப்பின் முன் உட்கார்ந்து கேட்டுக்கொள்வேன். முதல் நாள் குழம்புக்கு, “எலுமிச்சங்காயளவு புளி” என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள். எங்கள் கொல்லையில் நின்ற எலுமிச்சை மரத்தில் காய்கள் கைப்பிடி நிறைய இருக்கும். நானும் கைப்பிடி நிறையப் புளியைக் கரைத்து ஊற்றினேன். மத்தியானம் அச்சகத்தில் டப்பாவைத் திறந்து ஒரு வாய் வைத்ததும் பல் கூசிவிட்டது. பக்கத்தில் இருந்த பைண்டிங் ஆள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஏலே, பொண்டாட்டி வாத்திச்சியாகப் போறா, நீ பரிச்சையில கோட்ட விட்டுட்டியோ?” என்றான். மொத்த செக்‌ஷனும் சிரித்தது. சாயங்காலம் அந்தக் குழம்பில் தண்ணீரும் பருப்பும் சேர்த்துச் சேர்த்து அவள் ஒருவாறு மீட்டாள். பெரிய சட்டி நிறைந்துவிட்டது. மறுநாளும் அதுதான், அதற்கு மறுநாளும் அதுதான்.

“பாருங்க, மிச்சம் பிடிக்க ஆரமிச்சிட்டீக,” என்றாள்.

மாதக் கடைசியில் எனக்குப் பருப்புத் துவையலும் ரசமும் கைக்கு வந்துவிட்டன. கம்பங்கூழ் காய்ச்சவும் கற்றுக்கொண்டேன். கேலி செய்த பைண்டிங் ஆள் என் டப்பாவிலிருந்து துவையலை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக் கருவாட்டுக் குழம்பை எனக்கு ஊற்ற ஆரம்பித்திருந்தான்.

இரண்டாம் மாதம் என்னுடையது. மண்ணெண்ணெய் ஸ்டவ்வைத் தொடுவதில்லை என்று தீர்மானித்தேன். கண்மாய்க்கரையை ஒட்டி ஒரு விவசாயியின் காட்டில் வேலிக்கருவை மண்டிக் கிடந்தது. வெட்டிக்கொள்ளலாமா என்று அவரிடம் கேட்டபோது, “வெட்டிக்கிட்டுப் போனா ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், தூரோட எடுங்க,” என்றார். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அரிவாளோடு போனேன். கையெல்லாம் முள் கிழித்தது. ஆனால் விறகு காய்ந்து சுவரோரம் ஏறிக்கொண்டே போனதைப் பார்க்க, என்னவோ நெல் மூடை அடுக்கினது போல நெஞ்சு நிமிர்ந்தது.

மூன்றாம் மாதம் மகளுடையது. நாங்கள் இரண்டு பேரும் கொஞ்சம் கலக்கத்தோடுதான் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்தோம். அவள் யோசிக்கவே இல்லை. “தெனமும் சோத்துக்கு மொறுமொறுன்னு ஏதாச்சும் வேணும்.”

நான் வாய் திறப்பதற்குள் என் மனைவி, “மறுக்கக் கூடாது,” என்றாள்.

அப்பளம் வாங்கினால் போட்ட கணக்கெல்லாம் போய்விடும். என் மனைவிதான் வழி கண்டுபிடித்தாள். மிஞ்சிய சோற்றில் சீரகமும் உப்பும் அரைத்த மிளகாய் வத்தலும் போட்டுப் பிசைந்து, பழைய வேட்டியில் கிள்ளி வைத்துக் காயப்போடுவது. எங்கள் ஊர் வெயிலுக்கு இரண்டே நாளில் கல்லாகக் காய்ந்துவிடும். அந்த மாதம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வடகத்துக்குக் காக்கா விரட்டுவது மகளின் வேலை. காக்கா விரட்டுகிறவளே பாதி வடகத்தைப் பச்சையாகத் தின்றுவிட்டாள் என்பது வேறு. ஆனால் ஒன்று நடந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு பருக்கை சோறு வீணாகவில்லை. அவள் கேட்டது தின்பண்டம். எங்களுக்குக் கிடைத்தது சிக்கனம். இருவருமே இப்படிப் பிள்ளையிடம் தோற்றுப்போவோம் என்று நினைக்கவில்லை.

அடுத்த முறை மனைவிக்கு வந்தபோது அவள் விருதுநகரை நன்றாகப் பார்த்து வைத்திருந்தாள். பருப்பும் மல்லியும் வத்தலும் மூடை மூடையாக வந்து இறங்குகிற ஊர். பஜாரில் ஒரு மொத்தக்கடையில் உடைந்த துவரம்பருப்பைத் தனியாகச் சலித்து விலை குறைத்து விற்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு வந்தாள். உடைந்திருந்தால் என்ன, குழம்பில் எப்படியும் கரையத்தான் போகிறது. ஆனால் கடைக்காரர் மூடையாகத்தான் தருவார்.

“தெருவுல கேட்டுப் பாப்போமா?” என்றாள்.

பக்கத்து வீட்டு அக்காதான் முதலில் தயங்கினார். “ஒடைஞ்ச பருப்புல கல்லு கெடக்குமே தாயி.” அப்புறம் அவரே வீடு வீடாகப் பேசி ஆள் சேர்த்தார். சனிக்கிழமை வகுப்பு முடிந்து அவள் மூடையோடு பஸ் ஸ்டாண்டில் நிற்க, நான் சிவகாசியிலிருந்து போய்ச் சேர்ந்தேன். கண்டக்டர் மூடையைப் பார்த்ததும் கையை விரித்தார்.

“இது ஏறாதுங்க. லோடு ஆட்டோ பிடிங்க.”

“ஆட்டோவுக்குக் குடுத்தா பருப்ப வாங்குனதுல என்னங்க லாபம்?” என்று என் மனைவி கேட்டாள். “லக்கேஜுக்குத் துட்டு வாங்கிக்கோங்க. நாங்க கடைசியில நின்னுக்கிடுதோம்.”

“ஏம்மா, கல்யாணமா வீட்டுல?”

“இல்லங்க. எட்டு வீட்டுக் கொளம்பு.”

கண்டக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூடைக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுத்து, ஏற்றுவதற்கு அவரே ஒரு கை பிடித்தார். இறங்கும்போது, “அடுத்த தடவ எங்க வீட்டுக்கும் சேத்து வாங்கும்மா,” என்றார். அன்று சாயங்காலம் எங்கள் வாசலில் எட்டு வீட்டுப் பெண்களும் முறத்தோடு உட்கார்ந்து கல் பொறுக்கிப் பங்கு வைத்தார்கள். மறுநாள் தெருவே ஒரே வாசனை.

பொங்கல் கழிந்ததும் கஷ்டம் வந்தது. காலண்டர் சீசன் முடிந்தால் எங்கள் தொழிலில் ஆர்டர் குறைந்துவிடும். வாரத்தில் மூன்று நாள், சில வாரம் இரண்டு நாள்தான் வேலை. வேலை இருந்தால்தான் கூலி. அந்த இரண்டு மாதமும் தீர்மானம் எடுக்க எங்களுக்கு ஒன்றும் மிச்சம் இல்லை. எல்லாமே ஏற்கெனவே குறைந்திருந்தது. குழம்பு நீர்த்தது. காய் என்பது கொல்லையில் காய்த்த சீனியவரைக்காய் மட்டும்.

அப்போதுதான் எனக்கு ஒரு பழக்கம் வந்தது. அது எப்போது வந்தது என்று எனக்கே தெரியாது. மனைவிக்கு டப்பாவில் அமுக்கிக் கட்டிக் கொடுத்துவிட்டு, மகளுக்குப் போட்டு அனுப்பிவிட்டு, மிஞ்சியதை எனக்கு எடுத்துக்கொள்வேன். மிஞ்சியது குறைவாக இருந்தால் அதில் தண்ணீர் ஊற்றிக் குடித்துவிடுவேன். யாரும் சொல்லி நான் செய்யவில்லை. கரண்டி யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்குக் கடைசியாகத்தான் சோறு விழும் போலிருக்கிறது.

ஒரு நாள் மெஷினில் கத்தி இறங்குகிற நேரம் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பைண்டிங் ஆள்தான் பாய்ந்து வந்து சுவிட்சை அணைத்தான். என் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. என்னைச் சாய்த்து உட்கார வைத்து, “காலையில என்னலே சாப்பிட்ட?” என்று கேட்டான். அவனே டீக்கடைக்குப் போய் பாலும் பன்னும் வாங்கி வந்து எதிரிலேயே உட்கார்ந்து தின்ன வைத்தான்.

வீட்டில் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன். ஆனால் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அதே அச்சகத்தில் இருந்தார். நான் வீடு வருவதற்குள் செய்தி வந்துவிட்டது. என் மனைவி கோபமாக இருப்பாள் என்று நினைத்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

“நான் படிப்ப நிறுத்திருதேன்,” என்றாள். “கம்பெனிக்கே போறேன். ஒங்க கை போயி நான் படிக்கணுமாக்கும்?”

“ஏ பிள்ள, ஒண்ணும் ஆகலயே. நாளைக்கு இருந்து ஒளுங்காச் சாப்பிட்டா முடிஞ்சது.”

“நீங்க சாப்பிட மாட்டீக. எனக்குத் தெரியும். நானும் இப்பிடித்தான இருந்தேன்.”

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் எப்போது சாப்பிட்டாள், என்ன சாப்பிட்டாள் என்று யோசித்துப் பார்த்தேன். நான் கைகழுவி எழுந்த பிறகு அடுப்படியில் சட்டி வழிக்கிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் மட்டும்தான் ஞாபகம் வந்தது.

மகள் சுவரோரம் புத்தகத்தோடு உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஞாயிறு அவள் முறை. அது வரைக்கும் அவள் பொறுக்கவில்லை.

“நான் இப்பவே சொல்லுதேன். மூணு பேரும் ஒண்ணா உக்காந்துதான் சாப்பிடணும். மூணு தட்டுலயும் ஒரே மாரி போடணும். நான்தான் போடுவேன்.”

“காலையில அம்மா சீக்கிரம் போயிருவாளே,” என்றேன்.

“அப்ப நாமளும் சீக்கிரம் எந்திரிப்போம்.”

மறுக்கக் கூடாது என்பது சட்டம். மறுநாள் முதல் விளக்கு வெளிச்சத்தில் மூன்று தட்டுகளையும் வரிசையாக வைத்து, அவள் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டாள். கூழோ பழைய சோறோ, ஒரு தட்டில் கொஞ்சம் கூடிவிட்டால் திரும்ப எடுத்து இன்னொன்றில் போடுவாள். கடைக்காரர் தராசு பிடிப்பது போல முகத்தை அவ்வளவு கண்டிப்பாக வைத்திருப்பாள். அந்த மாதம் என் மனைவி படிப்பை நிறுத்துவதைப் பற்றி மறுபடி பேசவில்லை. எங்களுக்குக் கொஞ்சம் அதிகமாகவே செலவானது. அதற்குத்தான் மற்ற மாதங்களில் மிச்சம் பிடித்தோம் என்று அவள் சொன்னாள். மிச்சம் பிடித்த துட்டைப் போட்டு வைத்திருந்த டப்பாவை முதல் முறையாகத் திறந்தது அரிசிக்கும் முட்டைக்கும்தான்.

கோடை வந்ததும் எங்களுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அவளுக்கு விடுமுறை. காய்கள் மலிந்து கிடந்தன. கத்தரிக்காய், சீனியவரைக்காய், மாங்காய் என்று மொட்டை மாடி இல்லாத வீட்டில் கட்டில் மேலும் ஓட்டின் மேலும் வத்தல் காய்ந்தது. அந்த வருஷம் மழைக்காலத்துக்குக் காய் வாங்கவில்லை என்றே சொல்லலாம். இரண்டாம் வருஷம் முதல் வருஷத்தைப் போல உறுத்தவில்லை. மாதங்கள் தானாக நடந்தன. ஒரு மாதம் ரேஷன் அரிசியில் பூப்போல இட்லி அவிப்பது எப்படி என்பதே தீர்மானமாக இருந்தது. மூன்று தடவை கல்லாக வந்தது. நாலாவது தடவை, உளுந்தைத் தனியாகப் பொங்க அரைத்ததும் வந்துவிட்டது. எடுத்துப் பிய்த்துப் பார்த்து நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தார். “என்னமோ ஏதோன்னு பதறிட்டேன் தம்பி. இட்லிக்கா இம்புட்டு ஆர்ப்பாட்டம்?” என்று கேட்டுவிட்டு நாலு இட்லி தின்றுவிட்டுத்தான் போனார்.

என் மனைவி பரீட்சையில் தேறிவிட்டாள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு வந்தோம். அரசு வேலைக்கு அவள் முறை வர வருஷங்கள் ஆகும் என்று அங்கேயே சொன்னார்கள். அதற்குள் சாத்தூரில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புக்கு எடுத்துக்கொண்டார்கள். சம்பளம் கம்பெனிக் கூலியைவிடப் பெரிதாகக் கூடுதல் இல்லை. தெருவில் ஒருவர், “இதுக்கா ரெண்டு வருசம் கூளு குடிச்சீக?” என்று கேட்டே விட்டார்.

என் மனைவி கோபப்படவில்லை. “ஆமாங்க, இப்ப அம்புட்டுத்தான். ஆனா பொளுது சாஞ்சு வீட்டுக்கு வந்து பிள்ளயத் தூக்கையில கையில வெடிமருந்து வாடை இல்ல பாருங்க,” என்றாள்.

அந்தத் தை மாதக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடிக் கோயிலுக்குப் போனோம். பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு நேர்த்திக்கடன் இருந்தது. அவர் வீடும் எங்கள் வீடும் சேர்ந்து ஒரே பஸ்ஸில் போய், ஆற்று மணலில் கல் கூட்டிப் பொங்கல் வைத்தோம். அக்கா அடுப்பை ஊதினார், நான் அரிசி போட்டேன். நான் சமைப்பதைப் பார்த்து முதலில் சிரித்தவர்கள் அப்போது யாரும் சிரிக்கவில்லை. அக்காவின் மகள் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மணலிலும் புத்தகத்தைக் கொண்டு வந்திருந்தாள். பரீட்சை முடிந்ததும் கம்பெனியில் சேர்த்துவிடுவது என்று அக்கா எப்போதோ முடிவு செய்து, போர்மேனிடம் சொல்லியும் வைத்திருந்தார்.

பொங்கலை இலையில் வைத்துச் சாப்பிடும்போது என் மகள், “நாளக்கழிச்சு ஞாயித்துக்கெழமை, மாசமும் பெறக்குது. இந்த மாசம் யாரு மொறை?” என்று ஆரம்பித்தாள்.

“அப்பா மொறை,” என்றாள் என் மனைவி.

அக்கா கையிலிருந்த பொங்கலை இலையில் வைத்தார். “தம்பி, இந்த ஒரு மாசம் ஒங்க மொறைய எனக்குக் குடுப்பீகளா?”

“எதுக்கு அக்கா?” என்று கேட்டேன்.

“இவளப் பதினொண்ணாப்புல சேக்கணும். கம்பெனிக்கு வேண்டாம். எனக்குக் கணக்கெல்லாம் வராது. எதக் கொறைக்கணும், எத எப்பிடி ஆக்கணும்னு சொல்லிக் குடுங்க. நான் அப்பிடியே செஞ்சிருதேன்.” அவர் மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஆனால் பக்கத்தைத் திருப்பவும் இல்லை.

என் மனைவி அக்காவின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். பிறகு, “மொத மாசம் ஒண்ணே ஒண்ணுதான் மதினி,” என்றாள். “கடையில என்ன வாங்குதீக, சொல்லுங்க.”

“என்னத்த வாங்குதேன்? காலையில பிள்ளைகளுக்கு இட்லி. எனக்கு நேரம் எங்க இருக்கு ஆக்க?”

“எத்தன மணிக்கு எந்திரிக்கீக?” என்று நான் கேட்டேன். “மாவு நான் ஆட்டித் தந்திருதேன். எங்களுக்கு ஆட்டும்போது ஒங்களுக்கும் சேத்து. நீங்க அரிசியும் உளுந்தும் மட்டும் குடுத்து விடுங்க. ஊத்தி அவிக்கிறது ஒங்க வேல.”

அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். “சரிதான் தம்பி. இட்லி கல்லா வந்தா ஒங்களத்தான் கேப்பேன்.”

பாத்திரங்களை ஆற்றுத் தண்ணீரில் கழுவிக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தோம். மணல் சுட்டது. பிள்ளைகள் இரண்டு பேரும் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். பெரியவள் புத்தகத்தைத் தலைக்கு மேல் பிடித்திருந்தாள். அந்த நிழலுக்குள் என் மகளும் நுழைந்துகொண்டு, பதினொன்றாம் வகுப்பில் என்னென்ன பாடம் இருக்கும் என்று கேட்டபடியே போனாள்.